புஸ்ஸென்று போன வெடிகள்

தீபாவளிக்கு மறுநாள் விடியற்காலையில் எங்கள் தெருவில் பெரியவர்கள் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். முந்தின நாள் களைப்பு அப்படி. ஐந்தரை மணிக்கெல்லாம் சிறுவர்கள் நாங்கள் மட்டும் வெளியே வந்துவிடுவோம். கோவில்பட்டியில் ஐப்பசிப் பனி இறங்கியிருக்கும். தெரு முழுக்கக் கிழிந்த வெடிக் காகிதம் ஈரத்தில் ஊறி, சாயம் மண்ணில் இறங்கி, செக்கச்செவேலென்று கிடக்கும். அதைக் காலால் கிளறிக்கொண்டே நடந்தால் வெடிக்காத வெடி கிடைக்கும். சரத்திலிருந்து கழன்று தப்பிய ஊசி வெடி, திரி மட்டும் எரிந்து புஸ்ஸென்று போன லட்சுமி வெடி, யார் வீட்டிலோ பயந்து விட்டுப்போன அணுகுண்டு. பொறுக்கி டவுசர் பையில் போட்டுக்கொள்வோம். காசு கொடுத்து வாங்கிய வெடியைவிட அதில்தான் எங்களுக்கு ருசி.

1989-ஆம் ஆண்டு. எனக்குப் பத்து வயது, அத்தை மகனுக்குப் பன்னிரண்டு. நான் மச்சான் என்றுதான் கூப்பிடுவேன், இப்போதும். அன்று பொறுக்கியதில் பாதி நமுத்துப்போனது. நமுத்த வெடியை என்ன செய்வோம் என்று என் வயதுக்காரர்களுக்குத் தெரியும். பிரித்துக் கொட்டுவதுதான். விரலில் அந்த மருந்து வெள்ளிப் பொடி மாதிரி ஒட்டிக்கொண்டு மினுங்கும். கழுவினாலும் நகக்கண்ணில் நிற்கும். மச்சான் அதைக் காகிதத்தில் குவித்து வைத்து ஊதுபத்தியை நீட்டினான். பற்றவில்லை. ஈரம் என்று நினைத்து, குனிந்து வாயால் ஊதினான்.

வெடிச் சத்தமே இல்லை. அடுப்பில் எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டது மாதிரி ஒரு சீறல், ஒரு வெள்ளை வெளிச்சம், அவ்வளவுதான். அவன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தான். அழவில்லை. அத்தை ஓடி வந்து, யாரோ சொன்னார்கள் என்று, என் பள்ளிக்கூடப் பையிலிருந்த மைக்கூட்டைத் திறந்து அவன் கன்னத்தில் ஊற்றினாள். நீல மை வழிந்த அந்த முகத்தோடுதான் அவனைப் பஸ்ஸில் மதுரைக்குக் கூட்டிப்போனார்கள். வலது கண்ணில் பார்வை திரும்பவில்லை.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒவ்வொரு தீபாவளிக்கும் பட்டாசுக் கட்டுப்பாடு பற்றிப் பேச்சு வரும். டிவியில் நான்கு பேர் உட்காருவார்கள். ஒருவர் பண்பாடு என்பார், ஒருவர் காற்று என்பார், ஒருவர் சிவகாசித் தொழிலாளி என்பார். மூன்றும் உண்மையான கவலைகள்தான். ஆனால் அந்தப் பேச்சு எங்கே சுற்றினாலும் என் மச்சானின் கண் பக்கம் வருவதே இல்லை. காலை ஆறு மணி முதல் ஏழு மணி வரை, மாலையில் ஒரு மணி நேரம், அவ்வளவுதான் வெடி என்று சொல்லும் சட்டம், மறுநாள் ஐந்தரை மணிக்கு நமுத்த வெடியை ஊதும் பன்னிரண்டு வயதுப் பையனை என்ன செய்யும்?

நம் சட்டம் இப்படி இருப்பதற்கு அது பிறந்த இடம் ஒரு காரணம். இன்று நாடு முழுக்க நடப்பில் இருக்கும் கட்டுப்பாடுகளில் பெரும்பகுதி, டெல்லியில் 2015-ல் போடப்பட்ட ஒரு மனுவிலிருந்து வந்தவை. உச்ச நீதிமன்றத்தில் மனுதாரர்கள் மூன்று குழந்தைகள், ஆறு மாதத்திலிருந்து பதினான்கு மாதம் வரை வயது. அவர்கள் சார்பில் அப்பாக்கள் வழக்குப் போட்டார்கள். கேட்டது சுத்தமான காற்று. நியாயமான கேள்வி. டெல்லியில் அந்தப் பருவத்தில் மூச்சு விட்டுப் பார்த்தவர்கள் யாரும் மறுக்க மாட்டார்கள். 2018 அக்டோபர் 23-ல் தீர்ப்பு வந்தது. புகை குறைந்த பசுமைப் பட்டாசு மட்டும், தீபாவளியன்று இரவு எட்டு முதல் பத்து வரை மட்டும், பச்சை நிறம் தரும் பேரியம் உப்பு கூடாது, சரவெடி கூடாது, இணையத்தில் விற்கக் கூடாது. தமிழ்நாடு போய்க் கேட்டதில், அந்த இரண்டு மணி நேரத்தை மாநிலமே பிரித்து வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். நமக்குக் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் என்று ஆனது அப்படித்தான். எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு விடிவதற்கு முன்னால் முதல் வெடியைப் போடுகிற ஊருக்கு எட்டிலிருந்து பத்து என்றால் எப்படி?

அந்த வருடமே நேரம் தவறி வெடித்ததாகத் தமிழ்நாட்டில் 2,000 பேருக்கு மேல் வழக்கு. எங்கள் பக்கத்துத் தெருவில் ஒருவர் மேல் பதிந்தார்கள். பேரனுக்குக் கம்பி மத்தாப்பு கொளுத்திக் கொடுத்துக்கொண்டிருந்தாராம். அதே தெரு முனையில் அதே வாரம் ஒரு கட்சிக்காரர் வரவேற்புக்குப் பத்தாயிரம் வாலா போட்டார்கள், சரவெடி தடை செய்யப்பட்ட பிறகு. கடிகாரத்தைப் பார்த்து வழக்குப் போடுவது சுலபம், சரக்கைப் பார்த்து வழக்குப் போடுவது கஷ்டம்.

சரக்கைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். 1998-ல், கல்லூரியில் படிக்கும்போது, தாய்மாமா போட்ட தற்காலிகப் பட்டாசுக் கடையில் பன்னிரண்டு நாள் நின்றேன். மூங்கில் கட்டி, தகரம் வேய்ந்து, முன்னால் இரண்டு பெஞ்சு போட்ட கடை. மதியம் தகரம் கொதிக்கும். உள்ளே நிற்கும் எங்களுக்கு வேர்க்கும், பெட்டிகளுக்கும் வேர்க்குமோ என்று மாமாவுக்குப் பயம். ஈரச் சாக்கைக் கூரையில் போடச் சொல்வார்.

அந்தப் பன்னிரண்டு நாளில் வாடிக்கையாளர்கள் கேட்ட கேள்விகளில் இரண்டு மட்டும் திரும்பத் திரும்ப வந்தன. எவ்வளவு குறைப்பீங்க என்பது ஒன்று. சத்தம் நல்லா வருமா என்பது இன்னொன்று. எத்தனை அடி தள்ளி நிற்கணும் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஒரு சாயந்திரம் ஒருவர் ஏழு வயதுப் பையனைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு வந்தார். பையன் மேலேயிருந்தபடி அணுகுண்டுப் பெட்டியைக் காட்டினான்.

"அது பெரியவங்க போடுறது அண்ணாச்சி. தம்பிக்குச் சாட்டை, பாம்பு மாத்திரை, தரைச்சக்கரம் பாருங்க" என்றேன்.

"ஏம் தம்பி, எம்புள்ளய என்னன்னு நினைச்சீரு? போன வருஷமே கையில வச்சு வீசிட்டான்" என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

நான் மாமாவைத் திரும்பிப் பார்த்தேன். மாமா பெட்டியை எடுத்துக் கொடுத்தார். அவர் ஒன்றும் கெட்டவர் இல்லை. இங்கே கொடுக்காவிட்டால் அடுத்த கடையில் வாங்கப் போகிறார். மாமா சொந்த அக்கா மாப்பிள்ளையிடம் கடன் வாங்கிச் சரக்கு எடுத்திருந்தார். மீந்த சரக்கை அடுத்த வருடம் வரை வைத்திருக்க உரிமமும் கிடையாது, இடமும் கிடையாது. அந்த நிலையில் நிற்கிற கடைக்காரரிடம் மனசாட்சியை மட்டும் நம்பி விட்டுவிட முடியாது. சட்டம் வேண்டியிருப்பது இந்த இடத்தில்தான்: கடைக்காரர் "சட்டப்படி கொடுக்க முடியாது அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு, அடுத்த கடையும் அதையே சொல்லும் என்று நிம்மதியாக இருக்க.

கடை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நம்மிடம் நல்ல விதி இருக்கிறது. 2008-ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகளைப் படித்தால் எழுதியவருக்குத் தீ என்றால் என்ன என்று தெரிந்திருக்கிறது. தற்காலிகக் கடை தீப்பிடிக்காத பொருளால் கட்டியிருக்க வேண்டும். ஒரு கடைக்கும் அடுத்த கடைக்கும் 3 மீட்டர் இடைவெளி. ஒன்றையொன்று பார்த்தபடி கடைகள் இருக்கக் கூடாது. எண்ணெய் விளக்கு, கேஸ் விளக்கு எதுவும் கூடாது. ஒரே இடத்தில் 50 கடைக்கு மேல் கூடாது. கடைக்கு 50 மீட்டருக்குள் வெடித்துக் காட்டக் கூடாது. ஒவ்வொரு வரிக்கும் பின்னால் எங்கோ எரிந்த ஒரு கடை இருக்கும் என்று படிக்கும்போதே தெரியும்.

விதி இருந்தும் 2023 அக்டோபரில் ஓசூரைத் தாண்டி அத்திப்பள்ளியில் நடந்ததைப் பார்த்தோம். கர்நாடக எல்லையில், பண்டிகைச் சரக்கு லாரியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தபோது கடையும் கிட்டங்கியும் பற்றி எரிந்தன. அன்றே 14 பேர் இறந்தார்கள். செத்தவர்களில் பலர் தர்மபுரி, கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து பண்டிகைச் சம்பளத்துக்குப் போன பையன்கள், படித்துக்கொண்டே வேலைக்குப் போனவர்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு மாமாவின் தகரக் கூரையும் ஈரச் சாக்கும்தான் ஞாபகம் வந்தன. எங்களுக்கு ஒன்றும் ஆகாமல் போனதற்கு நாங்கள் செய்த புண்ணியம் என்று ஒன்றும் இல்லை.

சரி, கடைக்கு விதி இருக்கிறது. கடையில் விற்கிற பொருளுக்கு? அதற்கும் ஒன்று இருக்கிறது, 1999-லிருந்து. வெடிக்கிற இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலுக்கு மேல் சத்தம் வரும் வெடியைத் தயாரிக்கவோ விற்கவோ வெடிக்கவோ கூடாது. சரவெடியாக இருந்தால் அதில் எத்தனை வெடி கோத்திருக்கிறதோ அதற்கு மடக்கை (லாகரிதம்) கணக்குப் போட்டு அளவைக் குறைக்க வேண்டும். பத்தாயிரம் வாலா போடுகிற எந்தத் தொண்டரும் மடக்கை அட்டவணையோடு வந்து நான் பார்த்ததில்லை. இன்னொன்று, எங்கள் தெருவின் அகலமே 4 மீட்டர் வராது.

டெசிபல் காதுக்கான அளவு. அதைத் தப்பென்று சொல்லவில்லை. கைக்குழந்தை உள்ள வீட்டில், நெஞ்சுவலிக்காரர் படுத்திருக்கும் வீட்டில் அது பெரிய விஷயம். ஆனால் விரலும் கண்ணும் போவது மருந்தின் எடையால். அமெரிக்காவில் இதை வேறு பக்கத்திலிருந்து பிடித்தார்கள். அங்கே எம்-80, செர்ரி பாம் என்று இரண்டு குண்டுகள் பிள்ளைகளிடம் பிரபலம், நம் அணுகுண்டுக்கு ஒன்றுவிட்ட அண்ணன்கள். அவற்றில் பல பையன்களின் விரல்கள் போனபின், 1966-ல் பொதுமக்களுக்கு விற்பதையே தடை செய்தார்கள். பத்து வருடம் கழித்துத் தரையில் வெடிக்கும் சாதாரண வெடிக்கு ஓர் எடை வைத்தார்கள்: ஒரு வெடிக்குள் 50 மில்லிகிராம் மருந்து, அதற்கு மேல் கூடாது. அந்த எடைக்குக் கையில் வெடித்தால் தோல் கிழியும். விரல் போவது அபூர்வம். இன்றும் அங்கே சுதந்திர தினமான ஜூலை நாலாம் தேதி ஆஸ்பத்திரிகள் நிரம்பத்தான் செய்கின்றன, திருட்டுச் சரக்கு ஓடத்தான் செய்கிறது. ஆனால் கடையில் நியாயமாக விற்கிற பொருள் எது என்பதில் குழப்பம் இல்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் வயதையும் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். பட்டாசு நான்கு வகை. முதல் வகை 12 வயதுக்கு மேல், இரண்டாவது 16, மூன்றாவது 18. நான்காவது வகை பொதுமக்களுக்கே கிடையாது, அதற்கென்று படித்து உரிமம் வாங்கியவர்களுக்கு மட்டும். வகை எண்ணைப் பெட்டி மேலேயே அச்சடிக்க வேண்டும். கடைக்காரர் வாதாட வேண்டியதில்லை, பெட்டியைத் திருப்பிக் காட்டினால் போதும். நம்மூரில் பெட்டி மேல் என்ன இருக்கிறது? பெரியவர்கள் மேற்பார்வையில் வெடிக்கவும் என்று ஒரு வரி, ஒரு சினிமா நடிகை அல்லது ஒரு புலி. என் மச்சான் பொறுக்கிய வெடியில் அந்த வரிகூட இல்லை. அது பெட்டியோடு போய்விட்டது.

புஸ்ஸென்று போன வெடியைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. அதை ஒரு சிரிப்பு விஷயமாக, அரசியல்வாதியின் போராட்டம் பிசுபிசுத்ததற்கு உவமையாக வைத்துவிட்டோம். ஆனால் பட்டாசுக் காயத்தில் கொடுமையானவை பல அங்கேதான் நடக்கின்றன. பற்றவைத்தது வெடிக்கவில்லை, கிட்டே போய்க் குனிந்து பார்க்கிறோம், அப்போது வெடிக்கிறது. அணைந்துவிட்டது என்று நினைத்த புஸ்வாணம் முகத்தில் வெடிக்கிறது. வெடி வெடிக்காமல் போவதை வாங்கியவரின் துரதிர்ஷ்டம் என்று நினைக்கிறோம். அது தயாரித்தவரின் குறை. மிக்ஸியில் ஷாக் அடித்தால் நாம் தலைவிதி என்று சொல்வதில்லையே.

இதற்குள் ஒருவர் கை தூக்குவார்: நீங்கள் கடைச் சரக்கைக் கட்டுப்படுத்தினால் ஜனங்கள் நாட்டு வெடிக்குப் போவார்கள். இந்த வாதத்துக்கு எடை இருக்கிறது, தள்ளிவிட்டுப் போக மாட்டேன். 2021 தீபாவளியன்று புதுச்சேரியை ஒட்டிய கோட்டக்குப்பத்தில் ஒரு அப்பா இரண்டு பை நாட்டு வெடியை ஸ்கூட்டரில் வைத்து, ஏழு வயது மகனையும் ஏற்றிக்கொண்டு போனார். வழியிலேயே வெடித்து இருவரும் இறந்தார்கள். 2024-ல் தீபாவளியன்று ஆந்திராவில் ஏலூரில் வெங்காய வெடி மூட்டையோடு போன வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அவ்வளவுதான் காரணம். ஒருவர் இறந்தார், ஆறு பேருக்குக் காயம். நெருப்பே வேண்டாம், உரசல் போதும் என்கிற மருந்து அது. கந்தகத்தோடு குளோரேட் சேர்ந்த கலவையை இந்தியா 1992-லேயே தடை செய்ததற்குக் காரணமும் இந்த உரசல்தான். தடை செய்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்றும் சில ஊர்க் கோயில் கொடைகளுக்கு நாட்டு வெடி எங்கே கிடைக்கும் என்று விசாரித்தால் அரைமணி நேரத்தில் ஆள் வந்துவிடும்.

2025 தீபாவளிக்கு வேறு ஒரு பூதம் கிளம்பியது. மத்தியப் பிரதேசத்தில் கார்பைடு துப்பாக்கி என்று ஒன்றை நடைபாதையில் வைத்து 150, 200 ரூபாய்க்கு விற்றார்கள். பிளாஸ்டிக் குழாய், வெல்டிங் பட்டறையில் இருக்கிற கார்பைடு கல். குரங்கு விரட்ட விவசாயிகள் வைத்திருந்த கருவி, ரீல்ஸ் மூலம் பிள்ளைகளிடம் வந்துவிட்டது. போபாலிலும் சுற்று ஊர்களிலும் 100 பேருக்கு மேல் கண் காயத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள், பெரும்பாலும் சிறுவர்கள். ஏன் வெடிக்கவில்லை என்று குழாய்க்குள் எட்டிப் பார்த்தவர்கள். அந்தச் செய்தியை மச்சானுக்கு அனுப்பினேன். நீலக் குறி விழுந்தது, பதில் வரவில்லை.

எனவே தடை போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. நெதர்லாந்தின் கதையைப் பாருங்கள். 2000-ஆம் ஆண்டு மே மாதம் என்ஸ்கெடே நகரத்தில், வீடுகளுக்கு நடுவே இருந்த ஒரு பட்டாசுக் கிட்டங்கி வெடித்து 23 பேர் இறந்தார்கள், ஒரு பகுதியே தரைமட்டமானது. அப்புறமும் அங்கே புத்தாண்டுக்கு முந்தின மூன்று நாள் கடை விற்பனை நடந்துகொண்டுதான் இருந்தது. 2020-ல் ராக்கெட்டையும் சத்த வெடிகளையும் மட்டும் நிறுத்தினார்கள். எல்லை தாண்டி, போட்டால் கை போகிற சரக்கு வந்துகொண்டே இருந்தது. புத்தாண்டு இரவில் போலீஸ்காரர்கள் மேலேயே வீசினார்கள். கடைசியில் 2025-ல் பொதுமக்கள் பட்டாசையே நிறுத்தும் சட்டத்தை நாடாளுமன்றத்தின் இரண்டு அவைகளும் நிறைவேற்றின. படிப்படியாகப் போய்க் கிட்டத்தட்ட முழுத் தடையில் நின்றது. சிங்கப்பூர் இதை ஐம்பது வருடத்துக்கு முன்பே செய்தது, 1972-ல், ஆபத்தான பட்டாசுச் சட்டம் என்றே பெயர் வைத்து. அங்கே இருக்கிற என் சிநேகிதன் வீட்டில் தீபாவளி என்றால் கம்பி மத்தாப்புதான். அவன் பிள்ளைகளுக்கு அது குறையாகவே தெரியவில்லை. இங்கே வந்து ஒரு தீபாவளி பார்த்துவிட்டு, காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டார்கள்.

முழுத் தடை எனக்கு வேண்டாம். இதைச் சொல்லும்போது நான் நடுநிலை ஆள் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் சித்தி இருபது வருடம் தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டினாள், அப்புறம் சாத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசு ஆலைக்குக் குழாய் உருட்டப் போனாள். அந்தப் பணத்தில்தான் என் தங்கை, சித்தி மகள், நர்சிங் படித்தாள். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டையைச் சுற்றி மழை பெய்யாத மண்ணில் லட்சக்கணக்கான அடுப்பு இதனால் எரிகிறது. டெல்லியில் ஒரு வரியில் எழுதிவிடலாம் தடை என்று. அந்த வரி இங்கே வந்து சேரும்போது மளிகைக் கடைப் பாக்கியாக மாறியிருக்கும்.

ஆனால் அந்தத் தொழிலாளியின் பேரைச் சொல்லி எல்லாச் சரக்கையும் காப்பாற்றப் பார்ப்பதிலும் ஒரு மோசடி இருக்கிறது. எங்கள் பக்கத்தில் வெடி விபத்துச் செய்தி வந்தால் முதலில் கேட்பது, எந்த அறை என்பது. குழாய் உருட்டுகிற, பெட்டி ஒட்டுகிற இடத்தில் சாவு குறைவு. மருந்து கலக்கிற அறை, மருந்து செலுத்துகிற அறை, பேன்சி ரகத்துக்கு மணி மருந்து, அதாவது நிறம் காட்டும் சின்ன மருந்து உருண்டைகள், காய வைக்கிற களம், செய்தி வருவது அங்கேயிருந்து. 2012 செப்டம்பர் 5-ல் சிவகாசிப் பக்கம் முதலிப்பட்டியில் 38 பேர் இறந்தார்களே, விதிமீறலுக்காக உரிமம் நிறுத்தி வைக்கப்பட்டிருந்த ஆலை அது. புகையைப் பார்த்து உதவப் போனவர்களும் வேடிக்கை பார்க்கப் போனவர்களும்கூட அதில் செத்தார்கள். தீபாவளி ஆர்டர் நெருக்குகிற மாதத்தில் வானத்தில் பத்து நிறம் காட்டுகிற சரக்கை அவசரமாகச் செய்தால் அப்படித்தான் ஆகும். வாங்குகிறவர் கையில் எது ஆபத்தோ, பெரும்பாலும் அதுதான் செய்கிறவர் கையிலும் ஆபத்து. சித்தி சொல்வாள்: "மத்தாப்பும் சக்கரமும் மட்டும் போட்டா நாங்க கிழவியாகித்தான் சாவோம்."

அதனால்தான் கடிகாரத்தை விட்டுவிட்டுச் சரக்கைப் பிடிக்க வேண்டும் என்கிறேன். எதை ஒரு குடும்பம் கடையில் வாங்கலாம், எதைப் பயிற்சி பெற்றவர் மட்டும் திடலில் விடலாம் என்று பிரித்து, அந்தப் பிரிவைப் பெட்டி மேல் பெரிதாகப் போட்டு, வயது கேட்டு விற்க வேண்டும். மருந்தின் எடையைப் பெட்டியில் அச்சடிக்க வேண்டும். பேன்சி ரகத்தை ஊர்த் திடலுக்குக் கொண்டுபோகலாம், ஊரே பார்க்கலாம், சிவகாசிக்கும் விற்பனை போகாது. சரவெடித் தடை ஏற்கெனவே இருக்கிறது. அதைத் தெருவில் பிடிப்பதற்குப் பதில் ஆலை வாசலில் பிடிக்கலாம். இணையத்தில் விற்கக் கூடாது என்று 2018-லேயே சொல்லியாகிவிட்டது. இப்போது ஆவணி பிறந்தால் என் வாட்ஸ்அப்புக்கு எண்பது சதவீதத் தள்ளுபடி என்று விலைப்பட்டியல் வருகிறது. பணம் போட்டால் ஒரு லாரி பார்சல் ஆபீஸில் போய் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த லாரியில் வேறு என்ன ஏற்றியிருந்தார்களோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். வாங்குபவர் வயது எட்டா எண்பதா என்று யாரும் கேட்கப் போவதில்லை.

பசுமைப் பட்டாசைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாக்பூரில் இருக்கிற நீரி என்ற மத்திய அரசுச் சுற்றுச்சூழல் ஆய்வகம் கொடுத்த செய்முறை. தூசும் புகையும் சுமார் 30 சதவீதம் குறையும் என்கிறார்கள், பேரியம் சேர்க்கக் கூடாது. சிவகாசியில் பேரியம் நைட்ரேட்டுக்குப் பச்சை உப்பு என்று பெயர். பச்சை உப்பு இல்லாததுதான் பசுமைப் பட்டாசு என்பது அங்கே ஒரு கசப்பான ஜோக். நல்ல முயற்சிதான். ஆனால் பெட்டி மேல் அந்தப் பச்சை முத்திரை வந்தபின், கடைகளில் ஒரு புதுப் பேச்சைக் கேட்கிறேன். "இது கிரீன் சார், குழந்தைங்க தாராளமா வெடிக்கலாம்." நுரையீரலுக்குக் கொடுத்த சான்றிதழை விரலுக்கும் சேர்த்துப் படிக்கிறார்கள். பசுமை அணுகுண்டும் அணுகுண்டுதான். கம்பி மத்தாப்புகூட, அணைந்த பிறகும் வெறுங்காலால் மிதித்தவருக்குத் தெரியும், எரியும்போது 1,000 டிகிரியைத் தாண்டுகிற சூடு அது.

மச்சான் இப்போது கோவில்பட்டியிலேயே இருக்கிறான். எலக்ட்ரிகல் கடை. ஒரு கண்ணால் வயரிங் பார்ப்பதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. இரண்டு பெண் பிள்ளைகள். வீட்டில் வெடி வாங்குவான், ஒதுக்கி வைக்கவில்லை. வாங்கியவுடன் பெட்டியைப் பிரித்து, ஒவ்வொன்றாகத் திரியைத் தடவிப் பார்த்து, பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருவான். கடைக்காரர் முணுமுணுப்பார். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இல்லாமல் அவன் வீட்டில் மத்தாப்புகூடப் பற்றவைக்கக் கூடாது.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். மறுநாள் காலையில் ஏதோ சத்தம் கேட்டு ஐந்து மணிக்கு விழிப்பு வந்தது. எட்டிப் பார்த்தால் மச்சான். ஒரு கையில் டார்ச், இன்னொரு கையில் அந்த வாளி. தெரு முனையிலிருந்து நம் வீடு வரை காகிதக் குப்பையைக் காலால் கிளறிக்கொண்டே வருகிறான். குனிகிறான், ஒன்றை எடுக்கிறான், வாளிக்குள் போடுகிறான். குமிழி விட்டு அமுங்குகிறது. வருடா வருடம் இதைச் செய்கிறானாம், எனக்கு அன்றுதான் தெரியும்.

எதிர் வீட்டுப் பையன் எழுந்து வந்துவிட்டான். பத்து வயதிருக்கும். ராத்திரியே கண்டு வைத்திருந்த வெடி போல, நேராக வாசற்படி ஓரத்துக்குப் போய் எடுத்துவிட்டான். மச்சான் கையை நீட்டினான்.

"அது என்னோடது மாமா. நேத்து வெடிக்கல. அப்பா சொன்னாங்க, இது கிரீன் வெடி, ஒண்ணும் செய்யாதுன்னு."

மச்சான் ஒன்றும் சொல்லவில்லை. டார்ச்சைத் திருப்பித் தன் முகத்தில் அடித்துக் காட்டினான். பையன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு வெடியை அவனே வாளிக்குள் போட்டான்.

"இன்னும் ரெண்டு இருக்கு மாமா, முருங்கை மரத்துக்குக் கீழ" என்றான்.